நாற்காலியும் நகரசபையும்: எடின்பரோ மருத்துவ மாணவர்களின் ஒரு பழைய தேர்தல்

பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயில்வோர் இன்று துறைதோறும் ஒரு கழகம் வைத்திருக்கிறார்கள். இதயத்துக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, அறுவைக்கு ஒன்று என்ற வரிசையில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கும் ஒன்று உண்டு. ஆண்டுக்கொருமுறை அதன் தலைவர் பதவிக்கு மாணவர்கள் போட்டியிடுகிறார்கள். தாம் என்ன செய்வோம் என்று அறிக்கை எழுதுகிறார்கள். சக மாணவர்கள் வாக்களிக்கிறார்கள். தைராய்டையும் கணையத்தையும் பற்றிப் பேசக் கூடும் இருபது வயதினர்க்குத் தேர்தல் எதற்கு என்று நமக்கு முதலில் சிரிப்புத் தோன்றலாம். துறையோ புதியது, 'ஹார்மோன்' என்ற சொல்லையே ஸ்டார்லிங் 1905-இல்தான் லண்டனில் வழங்கினார். ஆனால் மருத்துவ மாணவர்கள் தமக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நாற்காலியில் அமர்த்தும் வழக்கம் அதைவிட மிகப் பழையது. அதன் தொடக்கத்தைத் தேடிப் போனால் நாம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், 1734-ஆம் ஆண்டின் ஒரு கோடைக்காலத்தில் போய் நிற்போம்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஆறு மாணவர்களுக்கு ஒரு பிணம் கிடைத்தது. காய்ச்சலில் இறந்த ஓர் இளம்பெண், அயலூர்க்காரி, கேட்பாரில்லை. உடற்கூறு அரங்கில் அவளை அறுத்துப் பயின்ற ஆறு பேரும் பிறகு ஒரு மதுக்கடையில் கூடி உண்டு பேசிக் களித்தார்கள். அந்த மாலையில்தான், இனி இரு வாரத்துக்கொருமுறை ஒருவர் தங்குமிடத்தில் கூடுவது, ஒருவர் மருத்துவக் கட்டுரை வாசிப்பது, மற்றவர்கள் அதை மறுத்து வாதிடுவது என்று முடிவாயிற்று. முதற் கட்டுரையை வில்லியம் கம்மிங் என்பவர் டிசம்பரில் வாசித்தார், பொருள், வெறிநாய்க்கடி. 1737-இல் அது முறையான கழகமாயிற்று. ராயல் மெடிக்கல் சொசைட்டி என்று பின்னர் பெயர்பெற்று இன்றும் மாணவர்களாலேயே நடத்தப்பட்டுவரும் அமைப்பு இதுவே. கழகத்தைத் தொடங்கிய ஆறு பேரின் பெயர்களையும் வரலாறு பத்திரமாக வைத்திருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் இல்லை.

கழகத்தின் விதிகள் கடுமையானவை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது மூன்று எழுத்துகள் அளிக்க வேண்டும்: ஹிப்பாக்ரட்டிஸின் சூத்திரம் ஒன்றுக்கு உரை, தாம் கண்ட அல்லது கேட்ட ஒரு நோயாளியின் வரலாறு, விவாதத்துக்குரிய ஒரு மருத்துவ வினா. அவை முன்கூட்டியே கைப்பிரதியாக மற்றவர்களிடம் சுற்றுக்கு விடப்படும். எல்லோரும் படித்துவிட்டு, ஆயுதம் தீட்டிக்கொண்டு வருவார்கள். எழுதியவர் எழுந்து நின்று தம் எழுத்தைக் காக்க வேண்டும். நம் மரபில் அரங்கேற்றம் என்று சொல்கிறோமே, ஏறத்தாழ அதுதான். ஒரு வேறுபாடு, இங்கே புரவலன் இல்லை, அவையோர் அனைவரும் ஒத்த வயதினர்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும், தமிழ் படித்தவர்கள் ஆகையால் நம் கண்ணுக்கு அது முதலில் படுகிறது. எடின்பரோவில் மருத்துவப் பட்டத்துக்கான தேர்வும் ஆய்வேடும் அந்நாளில் லத்தீனில் நடந்தன. 19-ஆம் நூற்றாண்டின் முதல் மூன்று பத்தாண்டுகள் வரை அப்படியே. வகுப்பிலோ பேராசிரியர்கள் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள். கழகத்தின் இரவுகளிலும் மாணவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே சண்டையிட்டார்கள். அறிந்ததை ஒரு மொழியிலும் அறிந்ததற்கான சான்றை வேறொரு மொழியிலும் காட்ட வேண்டியிருந்த அந்நிலையில், லத்தீன் நன்கு அறிந்த ஏழைப் புலவனுக்குப் பிழைப்பு ஒன்று இருந்தது: பிறருடைய ஆய்வேட்டை எழுதிக் கொடுப்பது. அப்படிப் பிழைத்த ஒருவர் இக்கதையின் நடுவே வருகிறார்.

ஆண்டுதோறும் நான்கு தலைவர்களைக் கழகம் தேர்ந்தெடுத்தது. அவர்கள் மாறிமாறி அவையை நடத்தினார்கள். யார் வாக்களித்தார்கள் என்று பார்க்கும்போதுதான் இந்தத் தேர்தலின் கனம் நமக்குப் புரிகிறது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இங்கிலாந்துத் திருச்சபையை ஏற்று உறுதி கூறாதவர்களுக்கு அன்று பட்டமில்லை. எடின்பரோவில் மருத்துவ மாணவரிடம் யாரும் சமயம் கேட்கவில்லை. ஆகவே குவேக்கர்கள், திருச்சபையிலிருந்து விலகிய பிற குழுவினர், அயர்லாந்துக்காரர்கள், அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் எல்லாரும் அங்கே திரண்டார்கள். தம் நாட்டில் பொதுப்பதவி எதற்கும் சட்டம் இடந்தராத குடும்பத்துப் பிள்ளைகள் பலர். தொடக்ககாலத்திலேயே சேர்ந்து, பிறகு லண்டனின் பெரும் மருத்துவரான ஜான் ஃபாதர்கில் ஒரு குவேக்கர். பிலடெல்பியாவின் குவேக்கர் குடும்பத்திலிருந்து வந்த காஸ்பர் விஸ்டர், அமெரிக்கா விடுதலை பெற்று இரண்டாண்டு ஆவதற்குள், 1785-இல் இக்கழகத்தின் தலைவரானார். நேற்றுவரை போரிட்ட நாட்டின் பிள்ளையை இவர்கள் தம் நாற்காலியில் ஏற்றினார்கள்! (விஸ்டீரியா என்ற கொடி இவர் பெயரால் வழங்குவது, அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் ஜெஃபர்சனுக்குப் பின் தலைவரானவரும் இவரே.)

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது பல்கலைக்கழகத்தின் நாற்காலி. எடின்பரோவில் பேராசிரியரை நியமிக்கும் அதிகாரம் பெரும்பாலும் நகரசபையின் கையில் இருந்தது. வணிகர்களும் கைத்தொழிற்சங்கத்தினரும் நிறைந்த சபை. சிபாரிசும் செல்வாக்கும் அங்கே சாதாரணம். உடற்கூற்றுப் பேராசிரியர் பதவியை அலெக்சாண்டர் மன்ரோ என்ற பெயருடைய தந்தை, மகன், பேரன் மூவரும் அடுத்தடுத்து வகித்தார்கள். 1720 முதல் 1846 வரை, நூற்றிருபத்தாறு ஆண்டு. முதல் இருவரும் உண்மையில் பெரியவர்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாமவரின் வகுப்பில் இருந்த சார்லஸ் டார்வின், அவர் விரிவுரை அவரைப்போலவே சலிப்பூட்டியது என்று பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

1773-இல் மருத்துவப் பேராசிரியர் ஜான் கிரெகரி இறந்தார். அதுவரை மருத்துவக் கோட்பாடு கற்பித்துவந்த வில்லியம் கல்லன் அவர் இடத்துக்கு நகர்ந்தார். கோட்பாட்டு நாற்காலி காலியாயிற்று. அதற்குத் தெரிவான ஒருவர் இத்தாலியிலிருந்து திரும்பி வரவேயில்லை. இடைக்காலத்தில் 1774 முதல் இரண்டாண்டு அந்தப் பாடத்தை நடத்தியவர் ஆண்ட்ரூ டங்கன். இவர் மாணவராக இருந்தபோது 1764-இல் கழகத்தின் தலைவரானவர். அதன்பின் ஐந்துமுறை, ஆக ஆறுமுறை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இடையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் மருத்துவராகச் சீனம்வரை போய்வந்தார். மாணவர்களுக்கு அவர்மீது எவ்வளவு பிரியம் என்பதற்கு ஆறு தேர்தல்களைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் 1776-இல் நகரசபை அந்த நாற்காலியை யாருக்குக் கொடுத்தது? இறந்த கிரெகரியின் மகன் ஜேம்ஸ் கிரெகரிக்கு. வயது 23. (அவர் திறமையற்றவர் அல்லர். தந்தை இறந்தபோது, மாணவராக இருந்துகொண்டே, பாதியில் நின்ற விரிவுரைகளை முடித்துக்கொடுத்தவர். ஆயினும் அந்தப் பெயர் இல்லாதிருந்தால் அந்த வயதில் அந்த இடம் கிட்டியிருக்குமா என்று கேட்காமலிருக்க நம்மால் முடியவில்லை.) டங்கன் முறையிட்டுக்கொண்டு இருந்துவிடவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே தாமே விரிவுரை தொடங்கினார். ஏழைகளுக்கு இலவச மருந்தகம் ஒன்றை அதே ஆண்டில் நிறுவினார். கோட்பாட்டு நாற்காலி அவருக்குக் கிடைத்தது 1790-இல்.

அந்த இடத்துக்கு ஆசைப்பட்ட இன்னொருவரும் உண்டு. ஜான் பிரவுன். பெர்விக்ஷயர் சிற்றூரொன்றில் எளிய குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் நெசவுக்குப் பழக்கப்பட்டு, லத்தீன் ஒன்றையே துணையாகக் கொண்டு எடின்பரோ வந்தவர். மாணவர்களின் ஆய்வேடுகளை லத்தீனில் ஆக்கிக்கொடுத்துப் பிழைத்தார். கல்லன் அவரைத் தம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகவும் தமக்கு லத்தீன் எழுத்தராகவும் வைத்துக்கொண்டார். நாற்காலி கைநழுவியபோது, கல்லன் தமக்காகப் பேசவில்லை என்று பிரவுன் நம்பினார். நகரசபை அவரைப் பொருட்படுத்தாத அதே 1776-இல் மாணவர்கள் அவரைத் தம் கழகத்தின் தலைவராக்கினார்கள். கழகம் சர்ஜன்ஸ் சதுக்கத்தில் சொந்தக் கட்டடத்துக்குக் குடியேறியதும் அவ்வாண்டுதான். அடிக்கல் நாட்டியவர் கல்லன்! அந்தக் கூரையின்கீழ்த்தான் கல்லனுடைய கொள்கைகளைத் தகர்க்கும் பேச்சுகள் வெடித்தன.

பிரவுனின் கொள்கை எளிது; எளிமைதான் அதன் கவர்ச்சி, அதன் ஆபத்தும். உயிர் என்பது தூண்டுதலுக்கு விடையளிக்கும் ஆற்றல். தூண்டுதல் மிகுந்தால் ஒருவகை நோய், குறைந்தால் இன்னொருவகை நோய். பெரும்பாலான நோய்கள் குறைவினால் வருபவை. ஆகவே நோயாளியின் இரத்தத்தை வடிக்காதீர்கள். மது கொடுங்கள், இறைச்சி கொடுங்கள், அபினி கொடுங்கள். ஊட்டம் நிறுத்தித் தம் கீல்வாதத்துக்குச் செய்த வைத்தியம் பலிக்காமல், நன்றாக உண்டு குடித்தபின் தேறியதாகக் கண்ட தம் அனுபவத்திலிருந்தே இதைக் கண்டடைந்ததாக அவர் சொல்லிக்கொண்டார். கல்லன் நோய்களை வகுப்பு, வரிசை, பேரினம் என்று செடிகொடிகளைப்போலப் பிரித்துக்கொண்டிருந்த காலம். மனப்பாடம் செய்து களைத்த மாணவனுக்கு, 'எல்லாம் ஒன்றே' என்ற குரல் எவ்வளவு இனித்திருக்கும்! மேசைமேல் ஒருபுறம் விஸ்கியும் மறுபுறம் அபினிச் சாறும் வைத்துக்கொண்டு, இடையிடையே இரண்டையும் அருந்தியபடி பிரவுன் விரிவுரை நிகழ்த்தினார் என்று கதை சொல்வார்கள்.

1780-இல் அவருடைய 'எலிமெண்டா மெடிசினே' வெளிவந்தது, லத்தீனில்தான். மாணவர்களின் பேச்சுமொழியால் புகழ்பெற்றவர், புலமைக்கு அடையாளம் என்று தாம் ஏக்கத்தோடு பற்றியிருந்த மொழியை விடவில்லை. (1785-இல் அவர் நிறுவிய ஃபிரீமேசன் கூடமொன்றின் சடங்குகள்கூட லத்தீனில் நடந்தன.) அதே 1780-இல் கழகம் அவரை இரண்டாம்முறை தலைவராக்கியது. பிரவுன் கட்சி, எதிர்க்கட்சி என்று மாணவர்கள் பிளந்தார்கள். விவாதம் முற்றி, அவையில் பேசியதற்காக ஒருவரையொருவர் துவந்த யுத்தத்துக்கு அழைக்கும் அளவுக்குப் போயிற்று. இறுதியில், அவைப்பேச்சின் காரணமாக இன்னொருவரைத் துவந்தத்துக்கு அழைப்பவர் வெளியேற்றப்படுவார் என்று கழகம் ஒரு விதியே இயற்ற வேண்டியதாயிற்று. உயிரைக் காக்கும் வழி எது என்ற வினாவுக்காக உயிரை எடுக்கத் துணிந்தவர்கள்!

பிரவுன் கடனில் மூழ்கினார். கடன்காரர் சிறைக்கும் போனார். அங்கும் மாணவர்கள் அவரைத் தேடிச் சென்று பாடம் கேட்டார்கள். 1786-இல் லண்டன் போனார், 1788-இல் இறந்தார். அவர் கொள்கை அதன்பிறகுதான் இத்தாலியிலும் ஜெர்மானிய நாடுகளிலும் பற்றிப் படர்ந்தது. 1802-இல் கோட்டிங்கன் நகரில் பிரவுன் கட்சி மாணவர்களும் எதிர்க்கட்சியினரும் மோதிக்கொண்டதைக் குதிரைப்படை வந்து அடக்கியதாக மருத்துவ வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

மாணவர்களின் வாக்கு நகரசபையின் வாக்கைவிட நேர்மையானது என்று நாம் தயங்காமல் சொல்லலாம்; அங்கே தந்தை பெயர் செல்லவில்லை. ஆனால் அது உண்மையை அறிந்த வாக்கா? பிரவுனின் ஒற்றைத் தத்துவத்தில் இன்று எஞ்சியது மிகக் கொஞ்சம். இரத்தம் வடிப்பதைச் சந்தேகித்தது அவர் செய்த நன்மை. அபினியைத் தாராளமாக்கியது தீமை. மாணவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு குரலை, ஒரு துணிவை, தம்மைப்போலவே வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவரை. அது இயல்பே. கல்லூரிகளில் நாம் காணும் தமிழ் மன்றச் செயலாளரைத் துறைத்தலைவரே பார்த்து நியமித்துவிடுவது வழக்கம். அங்கே இந்தப் பிழை நேர வாய்ப்பே இல்லை, விவாதமும் நேர வாய்ப்பில்லை.

அதே பத்தாண்டில் அதே கழகத்தின் தலைவர் பதவிக்கு வந்த இன்னோர் இளைஞரைப் பற்றிச் சொன்னால்தான் சுரப்பிகளுக்கும் இந்தத் தேர்தலுக்கும் உள்ள தொடர்பு விளங்கும். கேலப் ஹில்லியர் பாரி 1755-இல் சைரன்செஸ்டரில் பிறந்தவர். தந்தை அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்ற ஒரு சபையின் போதகர். ஆகவே பாரிக்கும் எடின்பரோவே கதி. 1778-இல் பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் பொருள், நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் கம்மிங் கழகத்தில் முதன்முதலாக வாசித்த அதே வெறிநாய்க்கடி. அவ்வாண்டு டிசம்பரில் கழகம் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சாசனத்தைப் பெற்றது. பாரி அடுத்த ஆண்டு பாத் நகரில் மருத்துவராக அமர்ந்தார். வெந்நீர் ஊற்றுகளைத் தேடிச் செல்வரும் நோயாளரும் வந்து குவியும் ஊர். அம்மைப்பால் கண்ட எட்வர்டு ஜென்னர் அவருக்கு நெடுநாள் நண்பர். 1798-இல் தம் புகழ்பெற்ற நூலைப் பாரிக்கே காணிக்கையாக்கினார்.

பாரி துவந்தம் செய்தவரில்லை. அவர் செய்தது குறிப்பெடுத்தது. கழகம் ஒவ்வோர் உறுப்பினரிடமும் கேட்ட மூன்று எழுத்துகளில் நடுவில் இருந்ததை, அதாவது நோயாளியின் வரலாற்றை, அவர் ஆயுள் முழுதும் எழுதிக்கொண்டிருந்தார். 1786 ஆகஸ்டில் கிரேஸ் என்ற 37 வயதுப் பெண் அவரிடம் வந்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் காய்ச்சல் கண்டு, பிறகு இதயம் படபடக்கத் தொடங்கியது. கழுத்தின் முன்புறம் தைராய்டு பெரிதாக வீங்கியிருந்தது. கண்கள் குழியிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருந்தன. நாடி தறிகெட்டு ஓடியது. இதயத்தின் படபடப்பும் கழுத்தின் வீக்கமும் தனித்தனி நோய்கள் அல்ல, இரண்டுக்கும் உறவிருக்கிறது என்று பாரி ஐயுற்றார். தொடர்ந்து கவனித்தார். எலிசபெத் என்ற 21 வயதுப் பெண், சரிவில் வேகமாக இறங்கிய சக்கர நாற்காலியிலிருந்து தூக்கியெறியப்பட்டாள். பெரிய காயமில்லை, பேரச்சம் மட்டும். அன்றுமுதல் படபடப்பு; இரண்டு வாரத்தில் கழுத்து வீங்கிற்று. இப்படி எட்டு நோயாளிகளின் வரலாறு சேர்ந்தது.

காரணம் சொல்லப் புகுந்தபோது பாரி தவறினார். தைராய்டு ஏதோ ஒரு பொருளைச் சுரந்து இரத்தத்தில் கலக்கிறது என்ற எண்ணம் அக்காலத்தில் யாருக்கும் தெளிவாக இல்லை. மூளைக்கு அதிகமாகப் பாயும் இரத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் ஒரு வடிகாலாக அவர் அதை நினைத்தார். வீக்கத்துக்கு இதயத்தைக் காரணமாக்கினார். திசை தலைகீழ். ஆனால் அவர் கண்டதைக் கண்டபடி எழுதியிருந்ததால், காரணம் பொய்த்த பின்னும் வரலாறுகள் பொய்க்கவில்லை. பிரவுனிடம் காரணம் முதலில் வந்தது, நோயாளி பின்னால் வந்தார்.

துயரம் என்னவென்றால், பாரி இவற்றை அச்சுக்குக் கொடுக்கத் தாமதித்ததுதான். 1815-இல் நோய்களின் அடிப்படைகள் பற்றிய பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டார். பிரவுனின் நூலுக்கும் இதற்கும் தலைப்பில் முதற்சொல் ஒன்றே என்பது தற்செயலாக இருக்கலாம். அடுத்த ஆண்டு பக்கவாதம் தாக்கிப் பேச்சும் வலக்கையும் போயின. 1822-இல் இறந்தார். மகன் சார்லஸ் 1825-இல் தந்தையின் கையெழுத்துப்படிகளைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் அந்த எட்டு வரலாறுகளும் உலகுக்குத் தெரிந்தன. கிரேஸைப் பார்த்து முப்பத்தொன்பது ஆண்டு கழித்து. (இன்னொரு மகன் வில்லியம் எட்வர்டு பாரி, ஆர்க்டிக் பனிக்கடலில் வழிதேடிய மாலுமி.) 1835-இல் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸும் 1840-இல் ஜெர்மனியில் பாசடோவும் தனித்தனியே அதே நோயை எழுதினார்கள். இங்கிலாந்தும் அமெரிக்காவும் அதைக் கிரேவ்ஸ் நோய் என்றன. ஐரோப்பியக் கண்டம் பாசடோ நோய் என்றது. முதலுரிமை பாரிக்கே என்று வில்லியம் ஆஸ்லர் வாதாடினார், பெயர் நிலைக்கவில்லை. இன்று நாளமில்லாச் சுரப்பியியல் படிக்கத் தொடங்கும் மாணவன் முதற்சில வாரங்களிலேயே அறிந்துகொள்ளும் நோய் இது. அதை முதலில் நன்கு கண்டறிந்து எழுதியவர்களில் ஒருவர் ஒரு மாணவர் கழகத்தின் தலைவராக வாக்குப் பெற்றவர் என்பது பாடநூலில் இல்லை.

வாக்களிக்க முடியாதவர்களைப் பற்றி இதுவரை நாம் பேசவில்லை. 1869-இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் தோழியரும் எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள், ஏழு பெண்கள். 1870 நவம்பர் 18 அன்று உடற்கூற்றுத் தேர்வுக்காக அவர்கள் சர்ஜன்ஸ் ஹாலுக்குச் சென்றபோது, ஆண் மாணவர்களின் கூட்டம் வாயிலை அடைத்துச் சேற்றை வாரி இறைத்தது. தேர்வறைக்குள் ஓர் ஆட்டையும் தள்ளிவிட்டார்கள். அதை அனுப்பியவர்களைவிட ஆட்டுக்கு அறிவு அதிகம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆசிரியர் சொன்னாராம். 1873-இல் நீதிமன்றமும் பெண்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சமயம் கேட்காத பல்கலைக்கழகம் பால் கேட்டது. பெண்களுக்கு மருத்துவப் பட்டம் அங்கே 1890-களில்தான் கிடைத்தது. அந்த ஏழு பேருக்குமோ, அனைவரும் இறந்து நெடுங்காலமான பின் 2019-இல். மாணவர் கழகம் பல்கலைக்கழகத்தைவிடப் பிந்தியது. குவேக்கரையும் அமெரிக்கரையும் 18-ஆம் நூற்றாண்டிலேயே தலைவராக்கிய அவை, பெண்களை உறுப்பினராக ஏற்றது 1960-களில்தான்.

ஏறத்தாழ அதே காலத்தில் கழகம் தன் பழைய இல்லத்தை இழந்தது. இரண்டு நூற்றாண்டாகச் சேர்த்த அரிய நூலகத்தை 1969-இல் ஏலத்துக்கு அனுப்ப நேர்ந்தது. புத்தகங்கள் உலகெங்கும் சிதறின. உறுப்பினர்கள் தம் முறைக்கு எழுதிவந்து, நின்று காத்த கட்டுரைகளின் கையெழுத்துத் தொகுதிகளை மட்டும் கழகம் விற்கவில்லை.